தண்ணி ஊற்றி இறக்கும் சோறு

“மாத்திரை வேணாண்ணா, சிரப்பா இருந்தா குடு.”

காய்ச்சலுக்கு மருந்து கேட்டு வந்த பையனுக்கு 24 வயது இருக்கும். சாப்பாடு டெலிவரி பண்ணுகிற பெரிய பையை முதுகிலிருந்து இறக்காமலே நின்றான். சிரப் குழந்தைகளுக்கானது, உன் எடைக்கு ஒரு பாட்டில் ரெண்டு வேளைக்குக்கூட வராது என்றேன். “பெரிய மாத்திரை தொண்டைல எறங்காதுண்ணா, எப்பவுமே அப்டித்தான்” என்றான். எப்பவுமே என்றால்? பத்தாவது படிக்கும்போதிலிருந்தாம். இதே பையன் அதற்கு முன் மூன்று நான்கு முறை என்னிடம் கேஸ் மாத்திரை வாங்கிப் போயிருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் டாக்டர் இல்லை. தண்டையார்பேட்டையில் ஒரு மெடிக்கலில் 18 வருஷமாக நிற்கும் பார்மசிஸ்ட். டாக்டரிடம் போவதற்கு முந்தைய கட்டத்தை, பல சமயம் போகாமலே முடிந்துவிடுகிற கட்டத்தை, தினமும் பார்க்கிறவன். எங்கள் பக்கம் நெஞ்சு எரிந்தால் கேஸ், முதுகு பிடித்தால் கேஸ், ஏப்பம் வந்தால் கேஸ், வராவிட்டாலும் கேஸ். விழுங்கிய சோறு நெஞ்சுக்கு நடுவே நின்றுபோவதும் அந்தக் கணக்கில்தான் சேர்கிறது. கேஸ் என்று வாய் திறந்ததும் எதிரில் நிற்பவர் அட்டையிலிருந்து நாலு மாத்திரையைக் கத்தரித்து நீட்டிவிடுகிறார். நானும் நீட்டியிருக்கிறேன்.

60 வயதுக்காரர் ‘முழுங்க முடியல’ என்றால் வீடே பதறி ஆட்டோ பிடிக்கும். 25 வயதில் அதைச் சொன்னால், “மெதுவா மென்னு துன்னுடா” என்பதோடு சரி. இளவயதில் உணவுக்குழாய்ப் புற்று அபூர்வம் என்பது உண்மை. ஆனால் விழுங்குவது மாதக்கணக்கில் தகராறு பண்ணினால் அதற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் வருஷக்கணக்கில் வெளியே தெரியாமலும் இருக்கிறது. ஏனென்றால் இளைஞர்கள் சமாளித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர். கறியைப் பஞ்சாகும்வரை மெல்வது. சப்பாத்தியைக் குழம்பில் ஊறவைத்துத் தின்பது. பந்தியில் எல்லோரும் எழுந்த பிறகும் இலை முன்னால் உட்கார்ந்திருப்பது. மாத்திரைக்குப் பதில் சிரப். கொஞ்ச நாளில் இதெல்லாம் பழக்கமாகி, பழக்கம் சுபாவமாகி, கேட்டால் ‘எனக்கு ஒண்ணும் இல்ல’ என்றே சொல்லிவிடுவார்கள். பொய் சொல்கிறார்கள் என்று சொல்ல முடியாது. அவர்களுக்கு அது நோயாகவே தெரிவதில்லை.

தயிர்சாதம் ஒரு வாய் உள்ளே போவதைக் கவனித்தால் இதன் இயக்கம் பிடிபடும். நாக்கு அதை உருட்டி அண்ணத்தில் அழுத்திப் பின்னால் தள்ளுகிறது. அதுவரைதான் நம் கையில். அதற்குப் பிறகு ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் மூக்குக்குப் போகிற வழி மூடுகிறது, குரல்வளை மேலேறி மூச்சுக்குழாயை அடைக்கிறது, உணவுக்குழாயின் மேல்வாசல் திறக்கிறது. மூச்சு அந்த நொடியில் நின்று மறுபடி தொடங்குகிறது. பிறகு சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள தசைக்குழாய், மேலிருந்து கீழாக அலைபோலச் சுருங்கி, எட்டுப் பத்து நொடிகளில் சோற்றை வயிற்றின் வாசலுக்குக் கொண்டுபோகிறது. அங்கே இன்னொரு வாசல் திறந்து வழிவிட்டு மூடிக்கொள்கிறது. தலைகீழாக நின்று குடித்தாலும் தண்ணீர் வயிற்றுக்குப் போவது இந்த அலையால்தான்.

ஆகவே தகராறு இரண்டு இடங்களில் நடக்கலாம்: தொண்டையில், அல்லது குழாயில். விழுங்கத் தொடங்கும்போதே புரையேறி, இருமி, தண்ணீர் மூக்கு வழியாக வந்தால் அது தொண்டை விவகாரம். நரம்பும் தசையும் சம்பந்தப்பட்டது. உள்ளே போய்விட்டது, ஆனால் கொஞ்சம் கழித்து நெஞ்செலும்புக்குப் பின்னால் நிற்கிறது என்றால் குழாய் விவகாரம். இதற்கடுத்த கேள்வி இன்னும் முக்கியம். சோறு, கறி மட்டும் நிற்கிறதா, தண்ணீரும் நிற்கிறதா? கட்டியானது மட்டும் நின்றால் குழாயின் வழி குறுகியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். தண்ணீரும் சேர்ந்து முதலிலிருந்தே நின்றால் அலையிலோ வாசலிலோ பழுது. வலிக்கிறதா, அடைக்கிறதா என்பது மூன்றாவது கேள்வி. வலித்தால் பெரும்பாலும் உள்ளே புண். நம் ஊர்ப் பேச்சில் இரண்டையும் ‘முழுங்க முடியல’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதால் டாக்டருக்கும் பாதி நேரம் இதைப் பிரித்தெடுக்கவே போய்விடுகிறது.

வழி எவ்வளவு குறுகினால் சோறு நிற்கும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. நல்ல குழாய் விரிந்தால், இப்போது புழங்கும் ஒரு ரூபாய்க் காசு தாராளமாகப் போகும். அந்தக் காசின் குறுக்களவு 20 முதல் 22 மில்லிமீட்டர். குழாயின் வழி 13 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ஏறக்குறைய எல்லோருக்குமே கட்டியான உணவு நிற்கும். ஒரு கோட்டுப் பட்டனைவிடச் சின்ன வட்டம் அது. இடைப்பட்ட அளவில் இருப்பவர்தான் நன்றாக மென்றால் தப்பித்து, அவசரப்பட்ட நாளில் மாட்டிக்கொள்கிறவர். ஒரு நாள் அடைத்தது, மூணு மாசம் ஒன்றுமில்லை, பிறகு கல்யாண வீட்டில் மட்டன் துண்டில் அடைத்தது என்று ஒருவர் சொன்னால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

டெலிவரிப் பையனுக்கு நடந்ததும் அதுவே. சிரப் கேட்டு வந்து ரெண்டு மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, கடை மூடுகிற நேரம், அவனுடைய அண்ணன் அவனைப் பைக்கில் உட்காரவைத்து இட்டுனு வந்தார். பீஃப் பிரியாணியில் ஒரு துண்டு நெஞ்சில் நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தால் அப்படியே திரும்பி வருகிறது. கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. நிமிஷத்துக்கொருமுறை எச்சிலை அதில் துப்பிக்கொண்டிருந்தான். சோடா குடித்துப் பார்த்தானாம், அதுவும் வெளியே வந்துவிட்டது. மூச்சு நன்றாக வந்தது, பேச்சும் வந்தது. ஆனால் தன் எச்சிலையே விழுங்க முடியாதவனுக்கு மெடிக்கலில் கொடுக்க ஒன்றுமில்லை. உடலில் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லிட்டர் எச்சில் ஊறுகிறது. அது இறங்க வழியில்லாவிட்டால் மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து உண்டு. மாட்டிய கறி மணிக்கணக்கில் ஓரிடத்தில் அழுத்தினால் குழாயின் சுவர் புண்ணாகி ஓட்டை விழவும் கூடும். அவசரப் பிரிவுக்கு, அதுவும் எண்டோஸ்கோப்பி உள்ள இடத்துக்கு அன்று ராத்திரியே போகவேண்டிய விஷயம் இது. போனார்கள். எடுத்துவிட்டார்கள். எடுத்தவர் கூடவே செய்த இன்னொரு காரியம்தான் அவனுக்கு விடையைத் தந்தது: குழாயின் மேலும் கீழுமாக ஆறு இடங்களில் கடுகளவு சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

வந்த பெயர் நீளமானது: இயோசினோஃபிலிக் ஈசோஃபஜைட்டிஸ். பெயரில் பாதி நம்மூருக்குப் பழக்கமானதுதான். சளி இருமல் விடாமல் இருந்தால் ரத்தம் பார்த்துவிட்டு “ஈஸ்னோபில் ஜாஸ்தி” என்பார்களே, அதே வெள்ளையணு. ஒவ்வாமையின்போது கூடுகிற அணு. உணவுக்குழாயின் சுவரில் அதற்கு வேலையே கிடையாது. ஆரோக்கியமான குழாயில் அது இருக்காது. இந்த நோயில் நுண்ணோக்கியின் ஒரு பார்வைப் பரப்பில் 15 அல்லது அதற்கு மேல் இருக்கும். அது சுரக்கும் பொருள்களால் சுவர் வீங்கி, வருஷக்கணக்கில் தழும்பேறி, குழாய் வளையம் வளையமாகச் சுருங்குகிறது. 1990-களின் தொடக்கத்தில்தான் மருத்துவ உலகம் இதைத் தனி நோயாக அடையாளம் கண்டது. பெண்களைவிட ஆண்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். 20 முதல் 40 வயதுக்காரர்கள், ஆஸ்துமா, தும்மல், தோல் அரிப்பு உள்ளவர்கள் கொஞ்சம் கூடுதலாக மாட்டுகிறார்கள். ரத்தத்தில் ஈஸ்னோபில் சரியாக இருக்கிறதே என்று இதை விலக்கிவிட முடியாது. கண்ணுக்குக் குழாய் சாதாரணமாகத் தெரிந்தாலும் விலக்க முடியாது. கிள்ளிப் பார்த்தால்தான் தெரியும். ‘எண்டோஸ்கோப்பி பண்ணியாச்சு, நார்மல்’ என்று ரிப்போர்ட்டை நீட்டுகிறவர்களிடம் சதை எடுத்தார்களா என்று இப்போதெல்லாம் நானே கேட்கிறேன்.

இதில் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு குத்தல் இருக்கிறது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை இந்த நோயில் கணிசமான பேருக்குக் கேட்கவும் செய்யும். டாக்டரே முதலில் அதைத்தான் எழுதுவதுண்டு. பையன் என்னிடம் வாங்கிப்போனபோதெல்லாம் பத்து நாளைக்குக் கொஞ்சம் சுமாராக இருந்திருக்கிறது. ‘கேஸ்தான், மாத்திரைல கேட்டுச்சே’ என்று அவனும் நம்பினான், நானும் நம்பினேன்.

அமில எதுக்களிப்பு உண்மையிலேயே காரணமாக இருப்பதும் நிறைய. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸும் முட்டையும் தின்றுவிட்டு அப்படியே படுப்பவர் வயிற்று அமிலம் மேலே வந்து குழாயைப் புண்ணாக்கும். வருஷக்கணக்கில் நடந்தால் தழும்பு இறுகி வழி குறுகும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடவேண்டும். சாப்பிட்டுவிட்டு ஏப்பத்தோடு போடுகிறவர்களே அதிகம்.

அகலேசியா இதைவிட அரிது. லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவருக்கு வருவது. ஆனால் வந்தவர் படும் பாட்டைப் பார்த்தால் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பெண், பி.காம் முடித்துக் கணக்கு எழுதும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், ஒரு வருஷத்தில் 11 கிலோ இளைத்தாள். சோறும் நிற்கும், தண்ணீரும் நிற்கும். எழுந்து நின்று, மூச்சை இழுத்துப் பிடித்து, தோளைப் பின்னால் தள்ளினால் இறங்கும். அதனால் பிறர் முன்னால் சாப்பிடுவதையே விட்டுவிட்டாள். ராத்திரி படுத்தால் சாயந்திரம் தின்றது புளிப்போ கசப்போ இல்லாமல் அப்படியே தலையணையில் வரும். இருமல் வேறு. வடசென்னையில் இளைத்து இருமினால் முதல் சந்தேகம் டி.பி.; சளிப் பரிசோதனை இரண்டு தடவை எடுத்தார்கள். பிறகு, ஒல்லியாகவேண்டும் என்று வேண்டுமென்றே வாந்தி எடுக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் பேச ஆரம்பித்தார்கள். அவள் அம்மா என்னிடம் வந்து, “தம்பி, பசி எடுக்க டானிக் எதாச்சும் குடுப்பா” என்றார். அவளுக்குப் பசியில் குறையே இல்லை.

அகலேசியாவில் பழுது கீழ்வாசலில். அதைத் திறக்கச் சொல்லி உத்தரவிடும் நரம்பணுக்கள் குழாயின் சுவரிலேயே அழிந்துபோகின்றன. வாசல் திறப்பதில்லை, மேலிருந்து அலையும் வருவதில்லை. சோறு குழாயில் தேங்கித் தேங்கி, குழாய் பைபோல விரிகிறது. பேரியம் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தால் மேலே அகன்று கீழே பறவை அலகுபோலக் கூர்ந்து முடியும். இந்த நோயை 1674-லேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் எழுதிவைத்திருக்கிறார். திமிங்கில எலும்புக் குச்சியின் நுனியில் கடற்பஞ்சைக் கட்டி, நோயாளி ஒவ்வொரு முறை சாப்பிட்டதும் தானே உள்ளே விட்டுத் தள்ளிக்கொள்ளப் பழக்கினாராம். காரணத்தைப் பற்றிய அறிவு வளர்ந்தாலும், வைத்தியத்தின் சாரம் இன்னும் மாறவில்லை. அந்த வாசலை வலுக்கட்டாயமாகத் திறப்பதுதான். பலூன் விட்டு விரிக்கலாம். 1913-இல் எர்ன்ஸ்ட் ஹெல்லர் தொடங்கிவைத்த அறுவையில் வாசல் தசையை வெளியிலிருந்து வெட்டலாம். 2008-இல் ஜப்பானில் ஹருஹிரோ இனோவே செய்துகாட்டிய முறையில், வாய்வழியே எண்டோஸ்கோப்பை விட்டுச் சுவருக்குள்ளேயே சுரங்கம் தோண்டி உள்ளிருந்து வெட்டலாம். உடம்பின் மேல் கீறலே இருக்காது. அந்தப் பெண்ணுக்குச் செய்தது இதுதான். குழாயின் அழுத்தத்தை அளக்கும் மேனோமெட்ரி என்ற பரிசோதனை இல்லாமல் இதை உறுதிசெய்வது கடினம். அது எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்காது என்பதுதான் தாமதத்துக்குப் பாதிக் காரணம்.

இனி என் சொந்த இலாகா. மாத்திரையே புண்ணாக்கும். முகப்பருவுக்கும், மழைக்காலத்தில் எலிக்காய்ச்சலுக்கும் எழுதப்படுகிற டாக்ஸிசைக்ளின் இதில் முதல் ஆள். இரும்புச்சத்து மாத்திரை, வலி மாத்திரைகள், பொட்டாசியம் மாத்திரை எல்லாம் அடுத்தடுத்து. நடப்பது எப்போதும் ஒரே மாதிரி. ராத்திரி படுக்கப் போகும்போது ஞாபகம் வரும். ஒரு வாய்த் தண்ணீரோ, சும்மா எச்சிலோ போட்டு விழுங்கிவிட்டு உடனே படுத்துவிடுவார்கள். கேப்ஸ்யூல் குழாயின் நடுப்பகுதியில், பெரிய ரத்தக்குழாய் வந்து அழுத்துகிற இடத்தில், ஈரச் சுவரில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கரையும். காலையில் நெஞ்சுக்கு நடுவே கத்தியால் குத்துகிற வலி. எச்சில் விழுங்கினால்கூட உயிர் போகும். 22 வயதில் ஹார்ட் அட்டாக் என்று பயந்து ஈ.சி.ஜி. எடுத்துவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நிறுத்தினால் சில நாள்களிலிருந்து சில வாரங்களுக்குள் ஆறிவிடும். ஒரு முழு டம்ளர் தண்ணீர், அரை மணி நேரம் உட்கார்ந்தோ நின்றோ இருத்தல். அவ்வளவுதான் தடுப்பு. அட்டையைக் கத்தரிக்கும்போது இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு ஐந்து நொடிதான் ஆகிறது. கூட்ட நேரத்தில் அதையும் விழுங்கிவிடுகிறோம்.

மாவாவைப் பற்றிச் சொல்லாமல் வடசென்னையில் தொண்டையைப் பற்றி எழுத முடியாது. சீவின பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு. பிளாஸ்டிக் காகிதத்தில் வைத்துக் கசக்கி உருட்டித் தருவார்கள். தமிழ்நாட்டில் குட்கா வகைகளுக்கு 2013 முதல் தடை இருக்கிறது. தடை இருக்கிற பொருள் எந்தச் சந்தில் கிடைக்கும் என்று ஒன்பதாவது படிக்கிற பையனுக்குத் தெரிந்தும் இருக்கிறது. எல்லோரும் புகையிலையைத் திட்டுவார்கள், பாக்கைத் திட்டமாட்டார்கள். நம் தாம்பூலத் தட்டில் அதற்கு மரியாதை அதிகம். ஆனால் பாக்கு மட்டுமே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்திவிட்டது. வாயின் உட்சதையை நாராக இறுகவைப்பதும் அந்தப் பாக்குதான். முதலில் காரம் எரியும். காரக்குழம்பு சாப்பிட்டு வளர்ந்த பையன் திடீரென்று ‘ரசம் கூட எரியுது’ என்பான். பிறகு கன்னம் உள்ளே வெளுத்து விறைக்கும், நாக்கு முழுசாக நீளாது. வாய் திறப்பது குறையும். அவரவர் விரலில் மூன்றை நெடுக்காக அடுக்கிப் பல்லுக்கிடையே விட்டுப் பாருங்கள்; போகவில்லை என்றால் பல் டாக்டரிடமாவது உடனே காட்டவேண்டும். இறுக்கம் அண்ணத்துக்கும் தொண்டைக்கும் பரவினால் விழுங்குவதும் சிரமமாகும், சிலருக்குப் பேச்சு மூக்கால் வரும். நிறுத்தினால் மேலும் மோசமாவது தடைபடுமே தவிர, இறுகியது முழுசாக இளகாது. இவர்களில் சிலருக்குப் பின்னால் புற்றாகவும் மாறுகிறது. இளவயதில் புற்று அபூர்வம் என்று மேலே சொன்னேனே, அந்த ஆறுதலில் மாவா போடுகிறவருக்குப் பங்கு குறைவு.

பெண்கள் விஷயத்தில் ரத்தசோகையை மறந்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. நெடுநாள் இரும்புச்சத்துக் குறைவில் சிலருக்கு உணவுக்குழாயின் மேல்வாசலருகே மெல்லிய சவ்வு வளர்ந்து வழியை மறைக்கும். பிளம்மர்-வின்சன் என்று இதற்குப் பெயர். வாயோரம் வெடிப்பு, வழுவழுவென்ற நாக்கு, கரண்டிபோலக் குழிந்த நகம், கழுத்து உயரத்தில் சோறு நிற்பது. இரும்புச்சத்து ஏற ஏறப் பலருக்குத் தானாகவே சரியாகிவிடும்; தடித்த சவ்வாக இருந்தால் விரிக்கவேண்டும். கண்டுகொள்ளாமல் விட்டால் அந்த இடத்தில் பின்னாளில் புற்று வரும் வாய்ப்புக் கூடுகிறது. மாத்திரையை டீயோடு போடும் வழக்கம் மட்டும் எங்கள் பக்கம் ஒழியவே இல்லை. டீ அந்த இரும்பை உடம்பில் ஏறவிடாது.

இன்னொரு காரணத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கழிவறை கழுவும் ஆசிட்டைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி மூலையில் வைக்கிற பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. இருட்டில் தெரியாமல் குடித்தவர்கள் உண்டு, மனம் நொந்த ஒரு நிமிஷத்தில் தெரிந்தே குடித்தவர்களும் உண்டு. பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகு, பல வாரம் கழித்துத் தழும்பு இறுகிச் சோறு இறங்காமல் போகும். வாந்தி எடுக்கவைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். தழும்பை விரிக்க வைத்தியம் இருக்கிறது, பல தடவை போய்வர வேண்டியிருக்கும். மனசு பாரமாக இருக்கிறவர்கள் 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் பேசலாம், காசு கிடையாது.

காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மீன் முள்ளை விடலாமா? கவளையும் மத்தியும் ருசிக்கும், அதே அளவுக்கு முள்ளும் இருக்கும். சுறாவில் முள்ளே கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு. அதனால்தான் பிள்ளை பெற்றவளுக்கும் சின்னப் பிள்ளைக்கும் நம்பிச் சுறாப்புட்டு வைக்கிறார்கள் என்று நினைக்கிறேன். முள் சிக்கினதும் வெறுஞ்சோற்றை உருட்டி விழுங்கவைப்பது எங்கள் வீட்டிலும் நடந்த வைத்தியம். பெரும்பாலும் முள் டான்சிலிலோ அடிநாக்கிலோ குத்தி நிற்கும், இ.என்.டி. டாக்டர் வெளிச்சம் போட்டுப் பார்த்து எடுத்துவிடுவார். சோற்றுருண்டை அதை இன்னும் ஆழமாகக் குத்தவும் செய்யும், கீழே தள்ளி குழாய்ச் சுவரைத் துளைக்கவும் செய்யும். முள் போன பிறகும் கீறல் ஓரிரு நாள் உறுத்தும். அதற்கு மேல் உறுத்தினாலோ, காய்ச்சல் வந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ காத்திருக்கக் கூடாது.

திடீரென்று வருகிற தொண்டை நோய்களை எல்லோருக்கும் தெரியும். டான்சில் வீங்கி அதன் பக்கத்தில் சீழ் கோத்துவிட்டால் மட்டும் கவனம் வேண்டும்: வாய் திறக்காது, எச்சில் வழியும், சூடான போண்டாவை வாயில் வைத்துக்கொண்டு பேசுவதுபோலக் குரல் மாறும். அன்றே போகவேண்டிய நிலை அது. தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) ஒழிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் அதைத் தடுக்க 10 வயதிலும் 16 வயதிலும் போடவேண்டிய டி.டி. (Td) ஊசியைப் பலர் தவறவிடுகிறார்கள். கழுத்தில் தைராய்டு கழலை பெரிதானாலும், மார்புக்குள் டி.பி. நெறிகள் வீங்கினாலும் வெளியிலிருந்து குழாயை அழுத்தும்.

நரம்பு சம்பந்தப்பட்டதில் இளம்பெண்களிடம் பார்க்கவேண்டிய ஒன்று மயஸ்தீனியா. தசைக்கு நரம்பு சொல்லும் செய்தி போய்ச் சேராமல் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தடுத்துவிடுகிற நோய். முதல் இட்லி சிரமமில்லாமல் இறங்கும், மூன்றாவது இட்லிக்குத் தாடை ஓய்ந்துபோகும். காலையில் சரியாக இருப்பவர் சாயந்திரம் கண்ணிமை தொங்கி, மூக்கால் பேசி, தண்ணீரில் புரையேறி நிற்பார். கூடவே மூச்சும் வாங்க ஆரம்பித்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

இவ்வளவையும் படித்த பிறகு தொண்டையில் ஏதோ உருண்டை இருப்பதுபோல உங்களுக்குத் தோன்றலாம். அதுவும் ஒரு பட்டம் பெற்ற கோளாறுதான், பெயர் குளோபஸ். துக்கம் தொண்டையை அடைக்கும் என்று நாம் எப்போதோ சொல்லிவைத்துவிட்டோம். இதற்கு ஓர் அடையாளம் உண்டு: எச்சில் விழுங்கும்போதுதான் உருண்டை தெரியும், சாப்பிடும்போது மறைந்துவிடும். சோறு எங்கேயும் நிற்காது, எடை குறையாது. கடன், கல்யாணம், பரீட்சை என்று மனசில் எதையாவது சுமக்கிறவர்களிடமும், எதுக்களிப்பு உள்ளவர்களிடமும் அதிகம். ஒருமுறை டாக்டர் கழுத்தையும் தொண்டையையும் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று சொல்வதே பாதி மருந்து. ஆனால் பார்க்காமலே ‘உனக்கு மனப்பிரமை’ என்பது வேறு. பி.காம் பெண்ணுக்கு முதல் ஆறு மாதம் கிடைத்தது அந்த வைத்தியம்.

எங்கே போவது என்று என்னிடம் கேட்கிறவர்கள் முக்கால்வாசிப் பேருக்கு நடந்து போகிற தூரத்திலேயே ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. ஜீரண மண்டலத்துக்கென்று தனித்துறை அங்கே உண்டு. எங்கள் பாட்டிமார் வாயில் அது இன்றைக்கும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். 1782-இல் பஞ்சம் பிழைக்க வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தின் வழி வந்த பெயர். போகும்போது ஒரு சீட்டில் நாலு வரி எழுதிக்கொண்டு போங்கள் என்பேன். எது நிற்கிறது, எங்கே நிற்கிறது, எத்தனை நாளாக, எடை எவ்வளவு குறைந்தது. ஓ.பி. வரிசையில் மூன்று மணி நேரம் நின்று டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் ‘கேஸ் சார்’ என்ற வார்த்தைதான் வாயில் முதலில் வரும்.

பையன் போன வாரம் சீட்டோடு வந்தான். அதில் ஆஸ்துமாக்காரர்கள் மிஷினில் புகையாக இழுக்கிற பியூடெசோனைடு குப்பி எழுதியிருந்தது. கீழே, விழுங்கவும் என்று. “அண்ணா, டாக்டர் தப்பா எழுதிட்டாரா?” என்றான். எழுதியது சரிதான். மருந்து நுரையீரலுக்குப் போகாமல் குழாயின் சுவரில் பூசிக்கொண்டு இறங்கவேண்டும் என்பதற்காகத் தேனில் கெட்டியாகக் குழைத்துக் குடிக்கச் சொல்வார்கள். கடையிலேயே தேன் பாட்டிலைப் பிரித்து, ஒரு ஸ்பூனில் குழைத்துக் காட்டினேன். வாயில் வைத்து மெதுவாக விழுங்கினான். பழக்கதோஷத்தில் கை தானாகவே பையின் பக்கவாட்டில் சொருகியிருந்த தண்ணீர் பாட்டிலுக்குப் போனது. அரை மணி நேரத்துக்குத் தண்ணீர் கூடாது என்று பிடித்துக்கொண்டேன்.